கசார்வாடி ஆவி எஞ்சின்

போன மாதம் புனேயின் கராடிப் பக்கத்திலிருந்து நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு எங்கள் சோதனைக்கூடத்தில் வந்து சேர்ந்த பெண். இப்போது எஞ்சினைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறாள். கையில் கரி ஒட்டாது, காதில் பஞ்சு வைக்க வேண்டாம். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள், அதனால் தமிழ் கொஞ்சம் தடுக்கித் தடுக்கித்தான் வரும்.

"ஆன்ட்டி, நம்ம பழைய லேப்ல எஞ்சின் டெஸ்ட் செல் எல்லாம் கழட்டறாங்க. இனிமே பேட்டரி டெஸ்டிங் மட்டும்தானாம். இங்க எங்க டீம்ல எல்லாரும் ஹைப்ரிட் ஹைப்ரிட்னு பேசறாங்க. உங்க டைம்ல ஹைப்ரிட் வந்திருக்கா? நீங்க பாத்ததுலயே ரொம்ப அஜீபான, விசித்திரமான எஞ்சின் எது? எழுதிக் குடுங்களேன். தமிழ்லயே எழுதுங்க, அம்மா படிச்சுச் சொல்லுவாங்க."

வந்திருக்கிறது நிவேதா. ஒரு டெம்போவில், தார்ப்பாய் போர்த்தி, மழையில் நனைந்துகொண்டு வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இரண்டு வரி சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அம்பாசமுத்திரம். அளவுக்கருவிகள் பற்றி டிப்ளமா படித்துவிட்டு வீட்டில் இருந்தபோது கல்யாணம் ஆயிற்று. என் வீட்டுக்காரருக்குக் கட்கியில் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புனேக்கு வந்தேன். ஹிந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. சிஞ்ச்வட் பக்கம் ஒரு எஞ்சின் சோதனைக்கூடத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள். சிவகாமியாக உள்ளே போனவள் ஒரே வாரத்தில் ஷிவ்காமி ஆகிவிட்டேன்.

எங்கள் வேலையைச் சொல்வது எளிது. யாராவது ஒரு எஞ்சினைக் கொண்டுவருவார்கள். டெஸ்ட் செல் என்கிற, கண்ணாடிச் சன்னல் வைத்த அறைக்குள் அதை ஒரு இரும்பு மேடையில் முடுக்கி, டைனமோமீட்டரோடு இணைப்போம். எஞ்சின் ஒரு பக்கம் இழுக்க, டைனமோமீட்டர் எதிர்ப்பக்கம் பிடித்து நிறுத்தும். எவ்வளவு பலமாக இழுக்கிறது, அதற்குப் பெட்ரோலோ டீசலோ எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது, எவ்வளவு சூடாகிறது என்று அளந்து அறிக்கை எழுதுவோம். அளக்கிற கருவிகள் என் பொறுப்பு.

எனக்கு மேலே ஆப்டே சார். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் எந்த எண்ணைக் கொண்டுபோய்க் காட்டினாலும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து "கா?" என்பார். மராத்தியில் 'கா' என்றால் 'ஏன்'. மூன்று முறை 'கா' வாங்காமல் அவர் அறையிலிருந்து யாரும் வெளியே வந்ததில்லை. நான் வீட்டில் அவருக்குக் காக்கா என்றே பெயர் வைத்திருந்தேன்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. வெப்பமானி ஒவ்வொன்றையும் ஓட்டத்துக்கு முன்பு பனிக்கட்டித் தண்ணீரிலும் கொதிக்கிற தண்ணீரிலும் முக்கிப் பார்க்க வேண்டும். நேற்றுத்தானே பார்த்தோம் என்றால் நேற்றைய வெப்பமானி நேற்றைக்கு என்பார். பாரத்தை ஏற்றிக்கொண்டு போகும்போது எடுத்த அளவை, இறக்கிக்கொண்டு வரும்போதும் எடுக்க வேண்டும். இரண்டும் பொருந்த வேண்டும். கடைசியாக, கிடைத்த எண்ணுக்குக் கீழே ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: இதே எண்ணை வேறு எது தந்திருக்கக்கூடும்? முதல் வருடம் எனக்கு இது தண்டனை மாதிரி இருந்தது. பிறகு அந்தக் கேள்விக்காகவே வேலைக்குப் போக ஆரம்பித்தேன்.

எங்களிடம் வந்த அதிசயங்களுக்குக் கணக்கில்லை. பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும் என்று ஒருவர் வந்தார். ஒருவர் தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர் கொண்டுவந்தார். நிஜமாகவே ஓடியது. ஹேண்டில் பாருக்குள் ஒரு மெல்லிய பெட்ரோல் குழாய் ஒளிந்திருந்ததை நாங்கள் கண்டுபிடித்ததும் அவரே சிரித்துவிட்டு, எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆப்டே சார் யாரையும் கேலி செய்யமாட்டார். "பொய் சொல்றவன்கூட ஒரு நல்ல கேள்வியைக் கொண்டுவரலாம்" என்பார்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருக்கும். ஜப்பான்காரர்கள் பெட்ரோலையும் மின்சாரத்தையும் சேர்த்து ஓட்டுகிற கார்களை விற்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பத்திரிகைகளில் படித்துக்கொண்டிருந்த காலம். அந்த மழைக்காலத்தில்தான் மாலதி தாயி வந்தார். மராத்தியில் தாயி என்றால் அக்கா. நம் பக்கத்துத் தாயி போலவே காதில் விழும் என்பதால் எனக்கு அந்தச் சொல் உடனே ஒட்டிக்கொண்டது.

அவர் கசார்வாடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. கணவர் அனந்த், பழைய மும்பை நெடுஞ்சாலை ஓரத்தில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருந்தவர். நீண்ட நாள் படுக்கையில் கிடந்து, அதற்கு முந்தைய கோடையில் இறந்துபோயிருந்தார். மிச்சம் விட்டுப் போனது பட்டறை, அதில் நாலைந்து ஆட்கள், பிறகு அந்த எஞ்சின். அவர் பாதியில் விட்டதை மாலதி தாயி பட்டறை ஆட்களோடு சேர்ந்து முடித்து ஓட்டிவிட்டிருந்தார்.

"இதுதான் ஹே செஞ்சது" என்றார், தார்ப்பாயை விலக்கி. மராத்திப் பெண்கள் கணவரைப் பெயர் சொல்லாமல் 'ஹே' என்பார்கள். நம் ஊர் 'அவுக' மாதிரி. "எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும். இது நிஜமா, இல்லையா?"

அந்த எஞ்சின் என்ன என்று சொல்கிறேன். சாதாரணப் பெட்ரோல் எஞ்சினில் உருளைக்குள் பிஸ்டன் ஏறி இறங்கி நான்கு வேலை செய்யும், ஒவ்வொன்றும் ஒரு வீச்சு. காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கும், அழுத்தும், வெடித்ததும் கீழே தள்ளப்படும், புகையை வெளியே துரத்தும். வெடித்த சூட்டில் பெரும்பகுதி எஞ்சினைச் சுடவைத்துவிட்டு வீணாகப் போகும். அதைத் தணிக்கத்தான் விசிறியும் ரேடியேட்டரும். அந்தச் சூட்டை ஏன் வீசி எறிய வேண்டும் என்று அனந்த் யோசித்திருக்கிறார். புகை போனபிறகு, காய்ந்து கிடக்கிற அந்தக் காலி உருளைக்குள் ஒரு துளி தண்ணீரைப் பீச்சினால்? தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சொய்ங் என்று ஆவியாகிப் பிஸ்டனைத் தள்ளும். ஐந்தாவது வேலை. ஆறாவதாக ஆவியை வெளியே தள்ளும். ஒரே உருளை ஒரு சமயம் பெட்ரோல் எஞ்சின், மறு சமயம் நீராவி எஞ்சின். ரேடியேட்டரே வேண்டாம். எங்கள் ஆட்கள் அன்று மாலைக்குள் அதற்கு 'வாஃப்' எஞ்சின் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாஃப் என்றால் ஆவி.

"ஆவி எஞ்சின்னு சொல்லுத, பேய் கீய் ஓட்டுதா அத?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

இதன் மேல் நிறைய விஷயங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. சிஞ்ச்வட்டில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி, ஆட்டோ ரிக்ஷாவுக்கு இதைப் பொருத்தலாமா என்று யோசித்தது. எங்கள் அறிக்கை சாதகமாக இருந்தால் மாலதி தாயியோடு ஒப்பந்தம். இல்லையென்றால் தீபாவளியோடு பட்டறையை மூடிவிடலாம் என்று அவருடைய கொழுந்தனார் முடிவு செய்திருந்தார். கம்பெனி சார்பில் மெஹ்தா என்ற ஒருவர் வருவார். வெள்ளைச் சட்டை, நயமான பேச்சு. டெஸ்ட் செல்லுக்குள் காலடி வைக்க மட்டும் யோசிப்பார்.

வேலையைத் தொடங்கினோம். அனந்த் எந்தக் கம்பெனி எஞ்சினைப் பிரித்து இதைச் செய்தாரோ, அதே ரகத்தில் இன்னொரு எஞ்சினை வாங்கி, மாற்றாமல் அப்படியே முதலில் ஓட்டி அளந்துகொண்டோம். பிறகு வாஃப் எஞ்சின். கிளம்பும்போது இருமிற்று, துப்பிற்று, வெள்ளைப் புகை விட்டது. சூடு ஏறியதும் ஒரு தாளத்துக்கு வந்தது. வெடி, புஸ், வெடி, புஸ். அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன்போ பின்போ நான் கேட்டதில்லை. பக்கத்துச் செல்களில் இருந்தவர்கள் எல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

பாரத்தை ஏற்றியும் இறக்கியும் அளந்தோம். பொருந்தியது. சாதாரண எஞ்சினைவிட இது குறைவாகத்தான் குடித்தது. கொஞ்சம்தான், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத குறைவு. மாலதி தாயி கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையசைத்தேன். மெஹ்தா கைகுலுக்கவே வந்துவிட்டார்.

ஆப்டே சார் தாளைப் பார்த்தார். "கா?"

"ஆவி தள்ளுது சார். அதனால எண்ணெய் மிச்சம்" என்றான் எங்கள் ஆட்களில் ஒருவன்.

"இதை எஞ்சின் சொல்லிச்சா, நாம சொல்றோமா?"

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரை நிறுத்துங்கள். என்ன ஆகிறது பார்ப்போம்.

டெஸ்ட் செல்லில் ஒருவருக்கொருவர் கத்தித்தான் பேச வேண்டும். "பாணி பந்த்!" என்று ஆப்டே சார் கையைத் தூக்கினார். பாணி, தண்ணீர். குழாயை அடைத்தார்கள். எஞ்சின் இழுக்கிற பலத்தைக் காகிதச் சுருளில் கோடாகப் போடுகிற பேனா ஒன்று என்னிடம் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோடு விழவில்லை.

'புஸ்' நின்றுவிட்டது, அது காதில் நன்றாகத் தெரிந்தது. கோடு மட்டும் அதே உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, உருளையின் சூடு ஏற ஏற, உள்ளே சுத்தியால் தட்டுகிற மாதிரி டக் டக்கென்று சத்தம் கிளம்பியது. அதன் பிறகுதான் கோடு சரியத் தொடங்கியது. எஞ்சினை நிறுத்தினோம்.

"பாத்தீங்களா, தண்ணி இல்லைன்னா சக்தி இல்லை!" என்றார் மெஹ்தா.

உண்மைதான். ஆனால் எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. முதலில் என் பேனாவைத்தான் சந்தேகப்பட்டேன். டைனமோமீட்டரின் இரும்புக் கையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, திடீரென்று கழற்றிப் பார்த்தேன். பேனா அந்தக் கணமே விழுந்தது. பேனாவில் கோளாறு இல்லை.

வீட்டில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே அதையே புலம்பினேன்.

"ஆவிதான் தள்ளுதுன்னு வையுங்க. தண்ணிய நிறுத்துனா அடுத்த சுத்துலயே பலம் குறையணும்லா?"

"ஆமா. மாட்ட அவுத்துட்டா வண்டி நிக்கணும்."

"நிக்கலை பாத்துக்கிடுங்க. அது பாட்டுக்குப் போகுது."

அவர் தட்டை எடுத்து வைத்தார். "அப்போ மாடு வேற எதோ ஒண்ணு" என்றார்.

மறுநாள் ஆப்டே சாரிடம் அந்தக் கோட்டைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அன்று அவர் 'கா' என்று கேட்கவில்லை. அவருக்கும் ஏன் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது, அவ்வளவுதான். உருளைக்குள் ஒவ்வொரு கணமும் எவ்வளவு அழுத்தம் என்று நேராக அளந்தால் ஒழிய விடை கிடைக்காது. அதற்கு அழுத்தம் அளக்கும் சென்ஸரை எஞ்சினின் தலைப்பகுதியில், உருளையை மூடுகிற அந்த ஹெட்டில், ஓட்டை போட்டுப் பொருத்த வேண்டும்.

சிக்கல் அங்கேதான். அந்த ஹெட்டை அனந்த் தன் பட்டறையில் வார்த்திருந்தார். உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது. உள்ளே எங்கே தடிமன், எங்கே மெலிசு என்று யாருக்கும் தெரியாது. விரிசல் விட்டுவிட்டால் எஞ்சின் போயிற்று.

ஆப்டே சாரின் அறையில் உட்கார்ந்து பேசினோம். மெஹ்தா நியாயமாகத்தான் கேட்டார்.

"மேடம், இப்ப இருக்கிற எண் எங்க டைரக்டருக்குப் போதும். இத்தோட ரிப்போர்ட் வாங்கிக்கோங்க. கையெழுத்துப் போட்டுடலாம். ஓட்டை எதுக்கு?"

மாலதி தாயி ஆப்டே சாரைப் பார்த்தார். "இப்படியே குடுப்பீங்களா?"

"குடுப்பேன். எண் உண்மை. காரணம் தெரியலைன்னு ஒரு வரி சேர்ப்பேன். அந்த வரியை யாரும் படிக்க மாட்டாங்க."

மாலதி தாயி என் பக்கம் திரும்பினார். "ஷிவ்காமி, நீ என்ன பாத்தே? அதைச் சொல்லு."

கோட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ஒரு குடும்பமும் ஒரு பட்டறையும் நான் பார்த்த ஒரு கோட்டில் வந்து நிற்கிறதே என்று இருந்தது.

"வகுப்புல பிள்ளைங்க விடையைச் சரியா எழுதி, வழியைத் தப்பா எழுதினா நான் பாதி மார்க்தான் போடுவேன்" என்றார் மாலதி தாயி. "ஹேக்கு மட்டும் முழு மார்க் எப்படிப் போடறது? போடுங்க ஓட்டையை."

மெஹ்தா பெருமூச்சு விட்டார். போகும்போது, "எங்க கம்பெனியில உங்களை மாதிரி ரெண்டு பேர் இருந்திருந்தா நாங்க எப்பவோ மூடியிருப்போம்" என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

ஹெட்டைக் கழற்றி எங்கள் பட்டறையில் ஷிண்டேயிடம் கொண்டுபோனோம். துளைபோடும் எந்திரத்தில் அவர்தான் ஆள். கவிழ்த்து வைத்துப் பார்த்தவர், "தாயி, இதோட அடிப்பக்கத்தை யாரோ சீவியிருக்காங்களே. ஒரு தடவை இல்லை, பல தடவை" என்றார். விரலால் தடவினால் எந்திரம் சீவிய கோடுகள் தெரிந்தன. அடிப்பக்கத்தைச் சீவினால் உருளைக்குள் இடம் குறையும். காற்றும் பெட்ரோலும் இன்னும் இறுக்கமாக அழுத்தப்படும். மாலதி தாயிக்கு அதுபற்றித் தெரிந்திருக்கவில்லை. "ஹேதான் செஞ்சிருக்கணும். வேற யாரும் இதைத் தொட மாட்டாங்க" என்றார்.

ஓட்டை போடும்போது எல்லாரும் சுற்றி நின்றோம். ஷிண்டே மெல்ல இறக்கினார், நிறுத்தினார், ஊதினார், மறுபடி இறக்கினார். வெள்ளிச் சுருள்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. மாலதி தாயி ஒரு கையால் ஹெட்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே நின்றார். அப்படித் தொடக்கூடாது, ஆனால் யாரும் அவரிடம் சொல்லவில்லை. துளை முடிந்து, தண்ணீருக்குள் அமுக்கிக் காற்றடித்துப் பார்த்தோம். துளையின் விளிம்பிலிருந்து ஒரு குமிழி கிளம்பி வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. வார்ப்புக்குள் ஊசிமுனை அளவு பொத்தல் இருந்திருக்கிறது. மாலதி தாயி கையை எடுத்துக்கொண்டார்.

ஷிண்டே நிதானமாக ஒரு செம்பு உறையைக் கடைந்து, துளைக்குள் இறுக்கிப் பொருத்தினார். மறுபடி தண்ணீர், மறுபடி காற்று. குமிழி வரவில்லை.

சென்ஸரைப் பொருத்தி ஓட்டினோம். அழுத்தம் ஏறி இறங்குவதை ஆஸிலோஸ்கோப்பின் பச்சைத் திரையில் பார்க்கலாம். வெடிக்கிற கணத்தில் கோடு மலை மாதிரி நிமிர்ந்தது. அடுத்தது தண்ணீர் பீச்சுகிற கணம். அங்கேயும் ஒரு மேடு இருந்தது. இருந்தது என்று சொல்லலாம், அவ்வளவுதான். சப்பாத்திக் கல்லில் உப்பி அடங்குகிற சின்னக் கொப்புளம் போல.

மாலதி தாயிக்கு நாங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வரைபடத்தைப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் வருடா வருடம் போட்டவர் அவர்.

"இவ்வளவுதானா வாஃப்?" என்று கேட்டார்.

"இவ்வளவுதான்" என்றார் ஆப்டே சார். "கூடுதலா ஒரு தடவை பிஸ்டன் இறங்கி ஏறற உராய்வுக்கே இது பத்தாது."

மாலதி தாயி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்ப எண்ணெய் ஏன் மிச்சமாச்சு?"

ஆப்டே சார் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு சின்னப்பையனின் பரபரப்பைப் பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு மாலதி தாயி எதிரே உட்கார்ந்து விளக்கினார். பெட்ரோலை ரொம்ப இறுக்கி அழுத்தினால் குறைந்த எண்ணெயில் நிறைய வேலை வாங்கலாம், எல்லாருக்கும் தெரியும். ஏன் யாரும் செய்வதில்லை? இறுக்கினால் சூட்டில் நேரம் தவறி வெடிக்கும், அந்த டக் டக் வரும், எஞ்சின் உடைந்துவிடும். "உங்க வீட்டுக்காரர் ஹெட்டைச் சீவி இறுக்கியிருக்கார். உள்ளே பீச்சின தண்ணி சுவரைக் குளிர வச்சிருக்கு. அதனால டக் டக் வரலை. மிச்சம் வந்தது அந்த இறுக்கத்தால. தண்ணி தள்ளலை தாயி. தணிச்சிருக்கு."

தண்ணீரை நிறுத்தியும் கோடு ஏன் உடனே விழவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கிற்று. சுவர் சூடாக நேரம் பிடித்திருக்கிறது. சந்தோஷத்தில் கைதட்டத் தோன்றியது. மாலதி தாயியைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன். அவர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அறிக்கையை ஆப்டே சார் ஒரு முழுக் காலைப்பொழுது எழுதினார். 'முடியாது' என்று நான் எழுதியிருந்ததை அடித்தார். 'எதிர்காலம் உண்டு' என்று வேறொருவர் எழுதியதையும் அடித்தார். நீராவியால் சக்தி எடுப்பது இந்த அமைப்பில் சாத்தியமில்லை; உள்ளே நீர் பீச்சித் தணித்து, அழுத்தத்தைக் கூட்டுவது சாத்தியம்; அதற்கு ஆறு வீச்சுகள் தேவையா என்பது சோதிக்கப்படவில்லை. இவ்வளவுதான் சாரம். மெஹ்தா படித்தார். வண்டியில் பெட்ரோலுக்கு நிகராகச் சுத்தமான தண்ணீரையும் சுமக்க வேண்டும் என்ற பத்தியை இரண்டாம் முறை படித்தார். "அப்ப எங்களுக்கு இது ஆகாது மேடம். மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாலதி தாயி எழுந்திருக்கவில்லை. "டெஸ்ட் செல்லை நாளை வரைக்கும் எனக்குத்தானே குடுத்திருக்கீங்க?"

"ஆமாம்."

"சோதிக்கப்படவில்லைன்னு எழுதியிருக்கீங்களே. அதைச் சோதிச்சுடலாமே."

மறுநாள் காலையில் பட்டறை ஆட்களோடு வந்துவிட்டார். வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் தண்டு, அனந்த் மாதக்கணக்கில் அரம் போட்டு ஆறு வீச்சுக்கு ஏற்ப உருவாக்கியது. அதை மாலதி தாயியே முன்நின்று கழற்றச் செய்தார். எங்களிடம் இருந்த சாதாரண எஞ்சினின் கேமை எடுத்து அதில் போட்டோம். ரேடியேட்டரையும் இணைத்தோம். தண்ணீர் பீச்சுகிற முனையை மட்டும் விட்டுவிடவில்லை. காற்று உள்ளே போகும் குழாயில் பொருத்தினோம். இப்போது அது நான்கு வீச்சு எஞ்சின். புஸ் இல்லை. இறுக்கமும் கொஞ்சம் தண்ணீரும் மட்டும்.

ஓட்டினோம். ஒரு டக் டக் கிடையாது. என் பேனா அதுவரை அந்த எஞ்சினுக்குப் போடாத உயரத்தில் கோடு போட்டது. எண்ணெயும் முன்பைவிடக் குறைவாகவே இறங்கியது. கணவர் வருடக்கணக்கில் உழைத்துச் சேர்த்த இரண்டு வீச்சுகளையும் எடுத்தபிறகுதான் அந்த எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்பதை மாலதி தாயி தன் கையாலேயே நிரூபித்துவிட்டார். கண்ணாடிக்கு வெளியே நின்று முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று நான் பதறி வெளியே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஹே இருந்திருந்தா ரெண்டு நாள் என்கூடப் பேசியிருக்க மாட்டார்" என்றார். "மூணாவது நாள் புதுசா ஒரு படத்தோட வந்து நின்னிருப்பார்."

அந்த எஞ்சின் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டால், எங்கும் போகவில்லை. கிணற்றோரத்தில் நிற்கிற பம்பு எஞ்சினுக்காவது ஆகட்டும் என்று மாலதி தாயி சில வருடங்கள் முயன்றார். எங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் உப்பு. உள்ளே வெள்ளையாகப் படிந்து வால்வைக் கடித்துவிடும். அதற்குள் எலக்ட்ரானிக் முறையில் எண்ணெயை அளந்து கொடுக்கிற எஞ்சின்கள் வந்துவிட்டன.

ஆனால் பட்டறையை மூடவில்லை. தண்ணீரைப் பனிமூட்டம் போலப் பீச்சுகிற அந்தச் சின்ன முனை மெஹ்தாவின் மனதில் நின்றிருக்கிறது. தளேகாவ் பக்கம் பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரத்தில் ரோஜா வளர்க்கும் தன் மைத்துனரிடம் சொல்லியிருக்கிறார். செடிகளுக்கு ஈரம் கொடுக்க அப்படியொரு முனையைத்தான் அவர்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தார்கள். தளேகாவைச் சுற்றிய மாவள் பக்கத்து ரோஜாத் தோட்டங்களுக்கு முனை செய்து கொடுத்தே அந்தப் பட்டறை நிமிர்ந்தது. கொழுந்தனாரே பிறகு அங்கே கணக்கு வழக்கு பார்க்க வந்துவிட்டார்.

எனக்கு மட்டும் ஒரு கேள்வி அப்படியே நின்றது. ஆவிதான் தள்ளுகிறது என்று நம்புகிறவனுக்கு ஹெட்டைச் சீவ வேண்டிய அவசியமே இல்லை. ஆவிக்கும் அந்த இறுக்கத்துக்கும் சம்பந்தம் கிடையாது. பிறகு அனந்த் எதற்காக, அதுவும் பல தடவை, சீவினார்? ஆப்டே சாரிடம் ஒருமுறை கேட்டேன். அவர் ஓய்வு பெறுகிற நேரம். "அது எஞ்சின் சொல்லக்கூடிய விஷயமில்லை" என்று சொல்லிவிட்டார்.

சில வருடங்கள் கழித்து ஒருநாள் கசார்வாடி வழியாகப் போனபோது பட்டறைக்குள் நுழைந்தேன். மாலதி தாயி பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று முழுநேரமும் அங்கேதான் இருந்தார். டீ வரவழைத்தார். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன்.

"தாயி, வாஃப் தள்ளலைங்கறது அவருக்குத் தெரிஞ்சுபோச்சோ? கடைசியில?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். படுத்த படுக்கையாக் கிடந்தப்போ வாஃப்ங்கற வார்த்தையையே விட்டுட்டார். என்னைக் கண்டா பாணி, மாலதி, பாணி, பாணின்னு சொல்லிக்கிட்டே இருப்பார். ஏதோ சொல்ல வர்ற மாதிரி கையை ஆட்டுவார். நான் ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து குடுப்பேன். என் முகத்தையே பாத்துக்கிட்டு அதை வாங்கிக் குடிச்சுடுவார்."